நவாபின் வெட்டுக்கிளிகள்

பாய்,

இன்று காலை சீயக்காய் வாங்கப் போனேன். மளிகைக் கடைக்காரர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே என் தலையைப் பார்த்தார். "இருக்கிற நாலு முடிக்கு மாசம் தவறாம சீயக்காயா? நல்லா இருக்குதுபா உன் கத" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். தலைக்கு இல்லை, கைக்கு என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் போனால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மளிகைக் கடை வாசலில் நின்று சொல்கிற விஷயமா அது?

கடைக்கு வந்து, பின்புறம் கிணற்றடியில் கை கழுவினேன். முழங்கை வரைக்கும், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம், நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அந்த வாசனை எழுந்ததும் என்னை அறியாமல் ஒரு கணம் நின்றுவிட்டேன். "இன்னொரு தபா, மொதலாளி" என்று பின்னாலிருந்து குரல் வரும் என்று காது காத்திருந்தது. வரவில்லை. நானே இன்னொரு தடவை கழுவிக்கொண்டேன். துடைத்த கை காய்வதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். என்னைப் பார்த்தால் "குட்மார்னிங் அங்கிள்" என்கிறார்கள். நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. உங்கள் கடையில் சத்தம் என்று இருந்ததெல்லாம் கண்ணாடி தேய்க்கிற மெஷினும், எழுத்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் தெரிந்த மாதிரி படிக்கிற கிழவர்களும்தான்.

செவிலிமேட்டில் இந்தச் சாலைக்கு நாம் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்தோம். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் என் பூச்சிமருந்துக் கடை, அந்தப் பக்கம் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னால் இரண்டு கடைக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு கறிவேப்பிலை மரம். "நான் மனுசனுக்குக் கண்ணத் தொறக்கிறவன், இவரு பூச்சிக்குக் கண்ண மூடறவரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் நம்மை அறிமுகப்படுத்துவீர்கள். நீங்கள் கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டு மாடியறையில் காலம் தள்ளியவர். என் மனைவி, மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் பூனாவுக்குப் போனவள் போனவள்தான். பொங்கலுக்கு வந்தால் உண்டு. மதியச் சோற்றுக்கு எதிரே ஆள் இல்லாத இரண்டு பேர் கிணற்றடியில் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். அப்படித்தான் பழக்கம். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

நவாப் வந்தது ஓர் ஆடி மாதத்தில். பாலாற்றுப் பாலத்தடியில், சீமைக் கருவேலத்துக்குள் காக்கைகள் கூட்டமாகக் கத்துவதைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றி, ஹெல்மெட்டுக்குள் வைத்து, நேராக என் கடைக்கு வந்தீர்கள். துணியைப் பிரித்ததும் நான் ஸ்டூலோடு பின்னால் போனேன். கரேலென்று ஒரு பச்சோந்தி. இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்.

"மருந்து குடுங்க மொதலாளி."

"என் கடையில இருக்கிறதெல்லாம் ஒரே வேலைக்கான மருந்து பாய். அந்த வேலைய காக்காவே பாதி முடிச்சிட்ச்சி" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, இதை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றார். நீங்களே வனத்துறைக்குப் போன் போட்டீர்கள். ஒருவர் வந்து பார்த்தார். ஒற்றைக் கண்ணோடு வெளியே விட்டால் ஒரு நாள் தாங்காது, இருக்கட்டும், நான் அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா சொன்ன மற்ற விஷயங்களை நீங்கள் ஒரு மாணவன் மாதிரி கேட்டுக்கொண்டீர்கள். உயிரோடு அசைகிற பூச்சியைத்தான் தின்னும். காது அவ்வளவாகக் கேட்காது, எல்லாமே கண்தான். தட்டில் தண்ணீர் வைத்தால் தெரியாது, இலை மேல் தெளித்தால் துளியை நக்கும். கடைசியாக, "வெளிய புடிக்கிற பூச்சி நல்லதுதான். ஆனா மருந்து அடிச்ச இடத்துல புடிச்சத மட்டும் குடுத்துடாதீங்க. பூச்சி வயித்துல இருக்கிற விஷம் அப்படியே இதுக்குள்ள போயிடும்" என்றார்.

நீங்கள் மெதுவாக என் பக்கம் திரும்பினீர்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் கொசுவலை கட்டி, அதற்குள் குடி வைத்தோம். அது ஒரு காலைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டி, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வைப்பதைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். "நடையப் பாருங்க மொதலாளி. நமக்கு இருக்கிற அவசரம் ஏதாவது இருக்குதா அதுக்கு? நவாப் சாப்." எனக்கென்னவோ புடவைக் கடையில் எதையும் எடுக்க மனசில்லாத மாமியார் மாதிரி இருந்தது. ஆனால் பெயர் வைக்கிற உரிமை உங்களுடையது.

அன்றிலிருந்து தினமும் காலை கடை திறந்ததும் இரண்டு டீயோடு வருவீர்கள். ஒன்றை என் மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்பீர்கள்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் அடிச்சிருக்காங்க?"

முந்தின நாள் யார் யார் என்ன வாங்கிக்கொண்டு போனார்கள் என்று யோசித்துச் சொல்வேன். "ஏனாத்தூர் பக்கம் போகாதீங்க, கத்திரிக்காய்க்கு வாங்கிக்கினு போயிருக்காங்க. திருப்புட்குழி ரோட்டுல நெல்லுக்கு இன்னும் யாரும் வரல. ஆத்தோரம் பரவால்ல." இத்தனை வருஷம் என்னிடம் மருந்து வாங்கியவர்கள் எல்லாம் எந்தப் பூச்சி சாகும் என்று கேட்டவர்கள். எந்தப் பூச்சி பிழைத்திருக்கும் என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள். சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். கெட்ட மாதிரி இல்லை.

பட்டுப்புழு கொடுத்தால் ரொம்ப நல்லது என்று செல்போனில் எங்கேயோ படித்துவிட்டு, ஊர் முழுக்கத் தறிக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? முகம் தொங்கிப்போய் வந்தீர்கள். "இன்னா மொதலாளி இது, ஊரே பட்டுல ஓடுது, ஒருத்தரும் பட்டுப்புழுவக் கண்ணால பாத்தது இல்லங்கறாங்க. நூலா வருதாம், புடவையா போவுதாம்." நான் சோற்றில் புரையேறச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு வெட்டுக்கிளிதான் நவாபுக்கு வாய்த்தது என்று முடிவானது.

அதிலும் எத்தனை விதி வைத்தீர்கள். எருக்கஞ்செடியில் இருக்கிற மஞ்சளும் நீலமுமான வெட்டுக்கிளி ஆகாது, அது தின்கிற பாலே விஷம். மின்மினி கூடவே கூடாது. கம்பளிப்பூச்சி கூடாது. தெருவிளக்கின் கீழே விழுந்து கிடக்கிற எதையும் பொறுக்கக் கூடாது, நகராட்சிக்காரர்கள் கொசுவுக்குப் புகை அடித்திருப்பார்கள். நவாபின் தலை அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். பெரிய கிளியாக இருந்தால் பின்னங்காலில் இருக்கிற முள் தொண்டையைக் கிழிக்கும், காலை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பிடித்ததை அப்படியே கொடுக்காமல் ஒரு நாள் ஓட்டை போட்ட டப்பாவில் முருங்கைக் கீரை போட்டு வைக்க வேண்டும். "விருந்தாளிக்குச் சோறு போடறதுக்கு முன்னாடி சோத்துக்கே சோறு போடணும்" என்பீர்கள். அந்த டப்பா பழைய கண்ணாடிக் கூடு. நீங்கள் ஊசியைக் காய்ச்சி அதில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குக் காற்று வேண்டுமா என்று கேட்டார். ஆமாம், வேர்க்கும் என்றீர்கள்.

என்னை மட்டும் எதையும் தொட விடமாட்டீர்கள். "மருந்து டப்பா தொட்ட கை" என்று ஒரே வார்த்தை. ஒருநாள் நான் கோபித்துக்கொண்ட பிறகுதான் சீயக்காய்ப் பொட்டலம் வாங்கி வந்து கிணற்றடியில் வைத்தீர்கள். இரண்டு தடவை கழுவினால் டப்பாவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தீர்கள். ஊட்டுகிற வேலை உங்களுடையது. மரத்தின் வலப்பக்கம் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் மேல் நீங்கள். இடப்பக்கம் துணி துவைக்கிற கல் மேல் நான். வலையைத் தூக்கி, கண்ணாடித் திருகு எடுக்கிற சாமணத்தில் வெட்டுக்கிளியைப் பிடித்து, "பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டு நீட்டுவீர்கள். நவாபின் ஒற்றைக் கண் அதன் மேல் வந்து நிற்கும். நாக்கு வெளியே வந்ததையும் உள்ளே போனதையும் நான் ஒருதரமாவது ஒழுங்காகப் பார்த்தது இல்லை. அவ்வளவு சோம்பேறிக்கு அவ்வளவு வேகம்.

நாம் சண்டை போட்டது ஒரே ஒரு தடவைதான். அதையும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

அன்று நீங்கள் சாமந்தித் தோட்டத்திலிருந்து வந்தீர்கள். கூடு நிறைய வெட்டுக்கிளி. முகமெல்லாம் சந்தோஷம். "ஓடவே இல்ல மொதலாளி. கைய நீட்டினா தானா ஏறிக்கினு வருது. சாமிக்குப் போற பூவாம். அதான் அவ்ளோ சாதுவா இருக்குது."

நான் கூட்டைப் பிடுங்கிக் காலடியில் போட்டு மிதித்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். ஆனால் நீங்கள் வலையைத் தூக்கப் போன வேகம் அப்படி. நவாப் ஏற்கெனவே உங்கள் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

"சாது இல்ல பாய், மயக்கம். பாதி செத்தது. பூவ யாரும் திங்கறதில்ல, அதனால அதுக்குத்தான் கணக்கில்லாம அடிப்பாங்க. அந்தத் தோட்டத்துக்கு நான்தான் போன வாரம் மருந்து வித்தேன்."

"சாமிக்குப் போற பூவுலயா?"

"சாமி மோந்து பாக்கறதோட சரி."

உங்கள் முகம் மாறியது. கோயில் பக்கமே போகாத நீங்கள் அந்தத் தோட்டத்தை நம்பியதும், தினம் நெற்றியில் விபூதி வைக்கிற நான் நம்பாததும் நமக்குள் அப்போதுதான் வெளியே வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க விக்காம இருக்கலாம் இல்ல?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "நான் விக்கலன்னா அடுத்த கடையில வாங்குவான். உங்க ஒத்தைக் கண்ணு ஜந்துக்காக ஊரு பட்டினி கெடக்கணுமா?" என்று கத்தினேன். நீங்கள் எழுந்து உங்கள் கடைக்குள் போய்விட்டீர்கள். மறுநாள் டீ வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. என் மேஜையில் டீ டம்ளர் வைக்கிற இடத்தில் ஒரு வட்டக் கறை உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தேன்.

மூன்றாம் நாள் டம்ளர் வந்தது. நின்றுகொண்டே சொன்னீர்கள்: "குதிக்காத வெட்டுக்கிளி நமக்கு வேணாம். சரியா?"

"சரி" என்றேன்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் அடிச்சிருக்காங்க?"

நான் சொன்னேன். அவ்வளவுதான் நம் சமாதானம். அதற்குப் பிறகும் ஒருநாள் தவறாமல் கேட்டீர்கள், நானும் ஒருநாள் தவறாமல் சொன்னேன்.

ஐப்பசி மழை நாளில் உங்கள் கடை ஷட்டர் திறக்கவே இல்லை. லென்ஸ் வாங்கச் சென்னைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். என்னிடம் சொல்லாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்கூட. எதிர்க்கடைக்காரர் வந்து, "பாய்க்கு விடிகாலைல மாரடைப்பாம்பா" என்று சொன்னபோது அந்த வருத்தம் இன்னும் போயிருக்கவில்லை. ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். மழை ஈரத்தில் யாரோ என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பிடி மண் போட்டேன். திரும்பி வந்து கிணற்றடியில் உட்கார்ந்தேன். நவாப் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான கிளைக்கு வந்து நின்றது.

நவாபை என்ன செய்வது என்று உங்கள் அண்ணியிடம் கேட்டேன். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து, "நீங்களே வச்சிக்குங்க பாய்சாப். இங்க புள்ளைங்க பயப்படுது. அது உங்க ரெண்டு பேருக்குத்தான் பழக்கம்" என்று அழுதுகொண்டே சொன்னார்கள். அந்த வீட்டில் என்னையும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் நவாப் என்னிடம் சாப்பிடவில்லை. முதலில் உங்கள் டப்பாவில் மிச்சமிருந்த கிளிகளை நீட்டினேன். கறுத்துப்போய், வாயைத் திறந்து சீறியது. மீன்தொட்டிக் கடையில் விற்கிற புழுவை வாங்கி வந்தேன். அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தோல் சுருங்க ஆரம்பித்தது. இருக்கிற ஒரே கண்ணும் குழிக்குள் போனது. டாக்டரம்மாவிடம் ஓடினேன். "கண்ணு உள்ள போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். நல்லா தெளிங்க. வாய மட்டும் வலிய தொறக்காதீங்க. நல்ல உயிரான பூச்சியா குடுத்துப் பாருங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா கஷ்டம்" என்றார்.

நல்ல உயிரான பூச்சிக்கு நான் எங்கே போவேன்? மழை விட்டதும் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு. நாலா பக்கமும் அடித்தார்கள். ஏனாத்தூர், திருப்புட்குழி, ஆற்றோரம், ஒன்று பாக்கியில்லை. எல்லாம் என் கடையிலிருந்து போனது. தெருவில் கொசுவுக்குப் புகை. அந்த மாதம் மாதிரி எனக்கு வியாபாரம் நடந்ததே கிடையாது. அந்த மாதம் மாதிரி நவாப் பட்டினி கிடந்ததும் கிடையாது. குத்தகைக்கு விட்ட என் சொந்த நிலத்துக்குப் போய் வரப்பில் குனிந்து தேடினேன். ஒரு கிளி கிடைத்தது. கையை நீட்டினேன். தானாக ஏறிக்கொண்டு வந்தது. அதைப் புல்லில் விட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தேன். உங்களுக்காகக்கூட அப்படி அழவில்லை பாய். அன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணன் உங்கள் கபருக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். ஓதி முடித்து அவர் கிளம்பிவிட்டார். நான் மட்டும் நின்றேன். உங்கள் மண் இன்னும் புதுசாக இருந்தது. சுற்றிலும் மழைக்கு முழங்கால் உயரத்துக்குப் புல். உங்கள் நவாபைக் காப்பாற்ற எனக்கு வக்கில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் காலை நகர்த்தினேன். வேட்டியில் ஏதோ வந்து மோதியது. பச்சை வெட்டுக்கிளி. கையை நீட்டினேன். குதித்துப் போய்விட்டது. இன்னொன்றின் பக்கம் குனிந்தேன். அதுவும் குதித்தது. நான் கால் வைத்த இடத்திலெல்லாம் குதித்தன. ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அறுபது வயதில் கபர்ஸ்தானில் ஒருவன் கையைத் தட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினால் எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

காவல் பார்க்கிற பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாபா தேடற?"

"வெட்டுக்கிளி. புடிச்சிக்கலாமா?"

"பூ போட வருவாங்க, ஃபாத்திஹா ஓத வருவாங்க. பூச்சி புடிக்க வந்தது அவரு ஒருத்தருதான்" என்று உங்கள் பக்கம் கையைக் காட்டினார். "நீ அந்த மருந்துக்கடைக்காரரா?"

"ஆமா. அவரு இங்கயா வருவாரு?"

"வெள்ளிக்கிழம தொழுக முடிஞ்சா அம்மா கபருக்கு வருவாரு. ஓதிட்டு, பையிலேர்ந்து கண்ணாடிக் கூட்ட எடுப்பாரு. அந்த வாரத்துக்கு வேண்டியத இங்கயே புடிச்சிக்குவாரு. வேற எங்கியும் போறதில்லன்னு சொன்னாரே. இங்க மருந்தும் இல்ல, புகையும் இல்ல. இங்க இருக்கிறவங்களுக்குக் கொசு கடிச்சா இன்னா, கடிக்காட்டி இன்னா?"

"எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு, ஒரு வருசத்துக்கு மேல. ஏதோ பூந்தோட்டத்துல பூச்சி கெட்டுப் போச்சின்னு சொன்னாரு. அதுலேர்ந்து."

நான் அங்கேயே, உங்கள் அம்மாவின் கபருக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் உங்களுக்கு என் தகவல் தேவைப்படவில்லை. ஏனாத்தூரில் அடித்தால் என்ன, ஆற்றோரம் அடித்தால் என்ன? ஆனாலும் தினமும் காலையில் டீயை வைத்துவிட்டுக் கேட்டீர்கள். நானும் பெரிய அதிகாரி மாதிரி யோசித்து யோசித்துச் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டி, "சரி, அந்தப் பக்கம் போவல" என்றீர்கள். அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டால் காலையில் என்னிடம் பேச வேறு ஆள் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த நேரத்தில் உங்கள் மேல் கோபம்கூட வந்தது. செத்த பிறகா ஒருவரைப் பற்றி இதையெல்லாம் தெரிந்துகொள்வது?

பெரியவர் தன் துண்டை விரித்து மூன்று கிளிகளை அமுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முருங்கைக் கீரையோடு கூட்டில் போட்டேன். மறுநாள் காலை இரண்டு தடவை கை கழுவினேன். துவைகல்லில் உட்கார்ந்து, வலையைத் தூக்கி, மரத்தைச் சுற்றிக் கையை நீட்டினேன். நவாப் மறுபடியும் கறுத்தது, சீறியது. கிளியைக் கூட்டில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேரே அந்த மூடிப்போன கண். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் இத்தனை நாளும் என் இடத்தில் உட்கார்ந்தபடியே கையை நீட்டியிருக்கிறேன். அதற்கு நான் இருப்பதே தெரியாது. தெரியாத பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு கை. காக்கை வந்த மாதிரி.

வலப்பக்கம் பெயிண்ட் டின் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கறிவேப்பிலைச் சருகு சேர்ந்திருந்தது. அந்தச் சருகைத் தள்ள எனக்கு அத்தனை நாளும் மனசு வரவில்லை பாய். அதில் நான் உட்கார்ந்தால் நீங்கள் இல்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லாமல் அந்த ஜீவனைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

சருகைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். உங்கள் உயரத்துக்கு அந்த டின் சரியாக இருந்திருக்கும். எனக்கு முட்டி இடித்தது. நவாபின் கண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. என் சட்டையை, நெற்றியை, கையை எல்லாம் பார்த்தது. சாமணத்தில் கிளியைப் பிடித்தேன். அந்த டின் மேல் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் நீட்ட எனக்கு வரவில்லை. அந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்து, பிறகுதான் சாமணம் நீளும். இரண்டு வருஷம் நான் கேட்டது அப்படித்தான். "பிஸ்மில்லா" என்றேன். நாக்கு வந்து போனது. சாமணத்தில் ஒன்றும் இல்லை.

அதற்குக் காது அவ்வளவாகக் கேட்காது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்காகச் சொன்னது இல்லை என்று எனக்கும் தெரியும்.

நவாப் இப்போது நன்றாக இருக்கிறது. பச்சை திரும்பிவிட்டது. வனத்துறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, குண்டாகிவிட்டது, குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பொங்கலுக்கு வந்த என் மனைவி கிணற்றடியில் நான் பிஸ்மில்லா சொல்வதைக் கேட்டுவிட்டு, "இது இன்னா புதுசா?" என்றாள். "பாயோட வேலை, நான் பாக்கறேன்" என்றேன். அவள் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அடுத்த வாரம் பூனாவுக்கும் போய்விட்டாள். உங்களிடம் இரண்டு டீ கொடுத்தனுப்பிய பழக்கத்தில் டீக்கடைப் பையன் இன்னும் சில நாள் இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிடுகிறான். நான் திருப்பி அனுப்புவதில்லை. இரண்டையும் குடித்துவிட்டு, நெஞ்செரிச்சலோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

மருந்து விற்பதை நான் விடவில்லை பாய். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் வாங்க வருகிறவர்களிடம் எந்தப் பக்கம் அடிக்கப் போகிறாய் என்று கேட்காமல் டப்பாவை எடுத்துக் கொடுப்பதில்லை. எதற்குக் கேட்கிறேன் என்று அவர்களுக்கும் புரியவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். நான் மனசில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும், கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறேன். பெரியவர் தடியைத் தூக்கி ஒரு சலாம் வைப்பார். கிளிகளைப் பிடிக்கிற வித்தை எனக்கும் வந்துவிட்டது. நிழல் விழாமல் பின்பக்கமாகப் போய்த் துண்டைப் போட வேண்டும். வேண்டியதைப் பிடித்த பிறகு உங்கள் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்காருவேன். உங்கள் மண் மேலும் புல் வந்துவிட்டது. நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்லாமல் எழுந்து வர முடிவதில்லை.

"ஏனாத்தூர் பக்கம் அடிச்சாச்சு. திருப்புட்குழி ரோட்டுல முந்தாநாள் அடிச்சாங்க. ஆத்தோரமும் போச்சு. உங்க பக்கம் மட்டும் யாரும் அடிக்கல பாய்."